பதினோராவது பொருத்தம்

சத்யப்பிரியாவுக்குக் காது கேட்காது என்பது அவளுக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அந்தத் தீபாவளிக்கு அடுத்த வீட்டில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். தெருவில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் வீறிட்டு அழ, அவள் மட்டும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். தைரியமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். மறுநாள் காலையில் அவள் அப்பா தங்கச்சாமி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. அந்தச் சோதனையை அவர் அதற்கு முன்பு நூற்றுக்கணக்கான தடவை செய்தவர். அதன் முடிவு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தங்கச்சாமி ராஜபாளையத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி நாய் வளர்த்து விற்பவர். ஊர் பெயரைச் சொல்லி விற்கிற நாய் என்றால் பால்வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். அந்த வெள்ளையோடு சேர்ந்து சில குட்டிகளுக்குச் செவிடும் வரும். குட்டி பிறந்து ஒரு மாதம் ஆனதும் பின்னால் நின்று தட்டைப் போடுவார். திரும்புகிற குட்டிகள் விற்பனைக்கு. திரும்பாத குட்டிகள் மறுநாள் வீட்டில் இருக்காது. மகள் கேட்டால், "தோட்டத்துக்குக் குடுத்துட்டேன்" என்று கையால் ஒரு வேலியையும் இரண்டு தென்னைமரத்தையும் வரைந்து காட்டுவார்.

பதினோரு வயதில் அவள் சைக்கிளில் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். வண்டி தோட்டத்துக்குப் போகவில்லை, கண்மாய்க்குப் போனது. சாக்கு மூட்டையின் வாயைக் கட்டி, கல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

அவள் அழவில்லை. சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அடுத்த ஈற்றில் ஆறு குட்டிகள். தட்டுப் போடுகிற அன்று குட்டிகள் இருந்த கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கையில் விளக்குமாற்று ஈர்க்கு. தட்டு கீழே விழுகிற நேரம் பார்த்துக் கம்பி வலை வழியாக ஒவ்வொரு குட்டியையும் குத்தினாள். ஆறும் திரும்பின. தங்கச்சாமிக்கு ஒரே சந்தோஷம். ஆறையும் நல்ல காது என்று சொல்லி விற்றார். ஒன்றரை மாதத்தில் இரண்டு திரும்பி வந்தன. கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று அரைமணி நேரம் கத்திவிட்டுப் போனார். அவர் போனபிறகு தங்கச்சாமி ஈர்க்குக் குத்தின சின்னத் தழும்புகளைத் தடவிப் பார்த்தார்; மகளைப் பார்த்தார். அவள் அவரை நேராகவே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் அவர் சாக்கை எடுக்கவில்லை. திரும்பாத குட்டிகளை, காம்பவுண்டு சுவர் உள்ள வீடுகளாகப் பார்த்துச் சும்மா கொடுத்தார். இந்த விஷயத்தைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வெளியூரில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்துச் சைகை மொழி கற்றுக்கொண்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தங்கச்சாமி அவளிடம் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டார். அவர் கை கரடுமுரடாகப் பேசும், ஆனால் புரியும். அம்மா முனீஸ்வரிக்கு அது வரவே இல்லை. அவள் உதட்டைப் பெரிதாக விரித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி மகளிடம் பேசுவாள். கேட்க வேண்டியவளைத் தவிர எல்லோருக்கும் கேட்கும்.

பிறகு தேர்வு எழுதி, மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகம். தினமும் காலை எட்டே முக்கால் பஸ். மனுக்களைப் பதிவு செய்வதும் திருப்பி அனுப்புவதும் அவள் வேலை. அங்கே வருகிற ஜனங்கள் ஜன்னலில் நின்று என்ன கத்தினாலும் அவள் நிதானமாக மனுவை மட்டுமே படித்ததால், அந்த அலுவலகத்திலேயே பிழை இல்லாத பதிவேடு அவளுடையதுதான்.

அந்த ஜன்னலுக்குத்தான் விக்னேஷ்வரன் வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். அவனும் பிறவியிலேயே காது கேளாதவன். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தே எந்தக் காயில் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவனுடைய சான்றிதழில் 'விக்னேஷ்வரி, ஆண்' என்று அச்சாகியிருந்தது. அதைத் திருத்த மனு கொண்டுவந்தான். இணைப்பு ஒன்று குறைகிறது என்று அவள் திருப்பி அனுப்பினாள். இணைப்போடு வந்தான், வாங்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்து நின்றான்.

"மனு எங்கே?" என்று அவள் கையால் கேட்டாள்.

"வாய்மொழி மனு" என்று அவன் கையால் சொன்னான்.

அவள் சிரிக்காமல் பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு, "மதியம் ஒன்றரைக்கு மேல வாங்க" என்று சொன்னாள்.

ஏழு மாதம் கழித்து இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். சாதி ஒன்றாக இருந்தது. அது எதேச்சையாக அமைந்தது. இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஜாதகம் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். விக்னேஷ்வரனுக்கு அப்பா இல்லை. அம்மா சுடலையம்மாளுக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிற ஆள் அவள் தம்பி ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் ரத்தப் பரிசோதனைக் கம்பெனி ஒன்றுக்குச் சேகரிப்பு மையம் நடத்துபவர். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பேக்கேஜ் உண்டு. அந்த வருஷம் புதிதாக ஒன்று வந்திருந்தது: கல்யாணத்துக்கு முந்தைய ஜீன் டெஸ்ட்.

"சம்பந்தி, பத்துப் பொருத்தம் பார்த்தாச்சு. இது பதினோராவது" என்று தங்கச்சாமியிடம் சொன்னார். "காலம் மாறிருச்சுல்லா. ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறு இருக்கும்போது பாக்காம விடப்படாது. அம்புட்டுச் செலவும் நம்ம பொறுப்பு."

தங்கச்சாமி மகளைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். ரத்தம்தானே என்று நினைத்தாள்.

மையத்தில் ரத்தம் எடுத்த ஆள், சத்யப்பிரியாவின் கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டே, "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று தங்கச்சாமியிடம் கேட்டார். படிவத்தையும் அவரிடமே நீட்டினார். அவள் அதைக் கையிலிருந்து வாங்கி, மூன்று பக்கத்தையும் படித்தாள். வேலையே அதுதான் அவளுக்கு. பெயர் நீக்கிவிட்டு மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்ற இடத்தில் 'இல்லை' என்று குறித்தாள். ரத்தம் எடுப்பவர் அதை உற்றுப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் இதுவரைக்கும் யாரும் பேனா வைத்ததில்லை என்று தங்கச்சாமியிடம் சொன்னார். கையெழுத்தை அவளே போட்டாள். அவள் கவனிக்காத இடம் ஒன்றே ஒன்று. முதல் பக்கத்தின் மேல் மூலையில், முடிவு அனுப்ப வேண்டிய போன் நம்பரை ஆவுடையப்பன் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார். அது அவருடைய நம்பர்.

இருபத்து மூன்று நாள் கழித்து, வேலை நேரத்தில் விக்னேஷ்வரனிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. கீழே, "இது என்ன? எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாமா போட்டிருக்காரு" என்று கேட்டிருந்தான். அவள் திறந்து படித்தாள். அவள் பெயர், அவன் பெயர், அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேர் பற்றியும் ஒரு பத்தி. இரண்டு பேருக்கும் ஒரே ஜீனில் ஒரே இடத்தில் மாற்றம். இரண்டு பேரிடமும் அந்த ஜீனின் இரண்டு பிரதிகளுமே மாறியவை. ஆகவே இவர்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் காது கேட்காமலிருக்க வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்று எழுதியிருந்தது. அவளுக்கு முன்பே குரூப்பில் நாற்பத்தொரு பேர் அதைப் படித்துவிட்டார்கள். பதினாலு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் அழுதிருந்தார்கள். யாரோ ஒருவர் பிறந்தநாள் கேக் போட்டு, பிறகு அழித்திருந்தார்.

அவள் அன்றைக்கு வந்த மனுக்கள் பத்தொன்பதையும் பதிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் தங்கச்சாமி, ஆவுடையப்பன் அச்செடுத்துக் கொடுத்தனுப்பிய தாளை முனீஸ்வரிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே மாமனும் அக்கா மகளும். ஜீன் ஒரு பாதி அப்பாவிடமிருந்தும் ஒரு பாதி அம்மாவிடமிருந்தும் வந்திருக்கிறது என்று அதில் இருந்தது. முனீஸ்வரி இருபத்தேழு வருஷமாக வேறொன்றை நம்பிக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியா வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது காய்ச்சலுக்கு யாரையும் கேட்காமல் இரண்டு மாத்திரை விழுங்கியிருந்தாள். அதனால்தான் இப்படி என்று மாமியார் சாகிறவரைக்கும் சொல்லிவிட்டுத்தான் செத்தார். அந்த இரண்டு மாத்திரைக்கப்புறம் முனீஸ்வரிக்குத் தலைவலி என்றாலும் மாத்திரை போடுகிற வழக்கம் இல்லை.

"அப்ப மாத்திரை இல்லையா?" என்று கேட்டாள்.

"மாத்திரை இல்ல" என்றார் தங்கச்சாமி.

முனீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மாமியார் படத்துக்கு அன்றைக்கு வைக்க வேண்டிய பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பரிசோதனையால் அந்த வீட்டில் யாருக்காவது நல்லது நடந்தது என்றால் அது அவளுக்குத்தான். இதை சத்யப்பிரியா பிற்பாடு யாரிடமும் மறுத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் அக்காவையும் மருமகனையும் உறவில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்தார். சித்திரை வெயில். கூடத்தில் எல்லோரும் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார்கள். பேச்சு ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் நடந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் இரண்டு பேரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சாமி முதலில் இரண்டொரு வாக்கியம் கையால் சொன்னார். பிறகு பேச்சு சூடானதும் விட்டுவிட்டார். உதட்டில் சத்யப்பிரியாவுக்குப் பிடிபட்ட சொற்கள்: புள்ளை, பாவம், நூறு, டாக்டர், புள்ளை, பாவம்.

ஆவுடையப்பன் தாளில் இரண்டு வட்டம் போட்டு, அவற்றை இரண்டு கோட்டால் பிரித்துக் காட்டினார். "கோவப்படாம கேளுங்க. இந்தப் புள்ளைய காது கேக்குத பையனுக்குக் குடுங்க. இவனுக்கு காது கேக்குத பொண்ணைப் பாப்போம். ரெண்டு வீட்லயும் பேரன் பேத்திக்குக் காது கேக்கும். யாருக்கும் நஷ்டமில்ல. நான் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அந்த இரண்டு வட்டத்தையும் புரிந்துகொள்ள சத்யப்பிரியாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்து போய் மின்விசிறியின் சுவிட்சை அணைத்தாள்.

காது கேளாதவர்கள் கூடியிருக்கிற இடத்தில் எல்லோரையும் திரும்ப வைக்க விளக்கை அணைத்துப் போடுவது வழக்கம். பட்டப்பகலில் விளக்கு உதவாது. மின்விசிறி உதவியது. அரை நிமிஷத்தில் ஒன்பது பேரும் வேர்த்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

அவள் அப்பாவைப் பார்த்துக் கையால் பேசினாள். "நான் சொல்றதை இவங்ககிட்ட சொல்லுங்க. எங்க அப்பா குட்டி பின்னால தட்டைப் போடுவாரு. திரும்பாத குட்டியைச் சாக்குல கட்டிக் கண்மாயில போடுவாரு."

தங்கச்சாமியின் கை மடியில் அப்படியே கிடந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவளுக்கு மனசு சங்கடமா இருக்காம்" என்றார்.

அப்பாவின் உதட்டை அவள் பிறந்ததிலிருந்து படித்து வருகிறாள். "நான் சொன்னது இம்புட்டு இல்ல. முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

தங்கச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூடத்தில் இருந்தவர்கள், வெக்கையால் என்று நினைத்தார்கள். பிறகு அவர் முழுவதையும் சொன்னார். குட்டி, சாக்கு, கல், கண்மாய். மகள் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "பதினஞ்சு வருசம் அப்படிச் செஞ்சேன்."

அவள் தொடர்ந்தாள், அவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "எங்க அப்பாவாவது குட்டி பொறந்த பெறகுதான் தட்டைப் போட்டாரு. நீங்க, புள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடியே போடுறீங்க. நான் வேலைக்குப் போறேன், சம்பளம் வாங்குறேன், பஸ்ல சண்டை போட்டு சீட்டு பிடிக்கிறேன். என்னை மாதிரி ஒரு புள்ளை வந்திரக்கூடாதுன்னு என் வீட்டுக் கூடத்திலேயே உக்காந்து பேசுறீங்க. அந்த ரிப்போர்ட் என் ரத்தம். அதை முதல்ல படிக்க வேண்டியது நான். நாப்பத்தோரு பேர் படிச்ச பெறகு எனக்கு வந்தது."

சுடலையம்மாள் மகன் பக்கம் திரும்பி, அவனுக்குத் தெரியும்படி மெதுவாக உதட்டை அசைத்துக் கேட்டாள். "எய்யா, நீ என்ன சொல்லுத?"

சத்யப்பிரியாவும் அவனைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பதிலில் சந்தேகமே இல்லை.

விக்னேஷ்வரன் இரண்டு கையையும் விரித்தான். "தெரியல" என்றான்.

அதை மொழிபெயர்க்க அவசியமில்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. ஆவுடையப்பன் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

ஒன்பது நாள் அவள் அவனுடைய வீடியோ அழைப்பை எடுக்கவில்லை. பத்தாம் நாள் மதியம் ஒன்றரைக்கு அவன் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். வலது கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு மேலே இருந்த பழைய தீக்காயத்தைக் காட்டினான். அவளுக்குத் தெரிந்த காயம்தான். எப்படி வந்தது என்று கேட்டதில்லை. பட்டறையில் சுவிட்ச் பெட்டிக்குள் கரண்ட் பொறிந்துகொண்டிருந்த சத்தம் தெருவில் போனவர்களுக்கெல்லாம் கேட்டதாம். அவனுக்கு மட்டும் கேட்காமல் உள்ளே கையை வைத்துவிட்டான்.

"என் புள்ளை என்னை மாதிரி இருக்கக்கூடாதுன்னு நான் நினைக்கல. என் புள்ளைக்கு இது நடக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன். ரெண்டும் ஒண்ணான்னு எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியலன்னுதான் சொன்னேன்."

அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பொய் சொல்லாத மனு அது. அதைத் திருப்பி அனுப்ப அவளால் முடியவில்லை.

மதுரையில் இதற்கென்றே ஆலோசனை சொல்கிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் மட்டும் போனார்கள். அவர் பெயர் இவாஞ்சலின். சைகை மொழி தெரிந்தவர் அன்றைக்கு வரவில்லை. அதனால் இவாஞ்சலின் கணினியில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்ட, இவர்கள் பதில் அடிக்க, இரண்டு மணி நேரம் போனது.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "இதை உங்ககிட்ட யார் விளக்கிச் சொன்னது?" என்றுதான். குரூப்பில் வந்தது என்று சத்யப்பிரியா அடித்தாள். இவாஞ்சலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். ரிப்போர்ட்டில் உள்ளது சரிதான் என்றார். ஆவுடையப்பன், ஜீனையே சரிசெய்கிற மருந்து அடுத்த வருஷம் வந்துவிடும், அதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதற்கு, "காது சம்பந்தமா ஒரு ஜீனுக்கு அப்படி முயற்சி நடக்குது. அது உங்க ஜீன் இல்ல. உங்களுக்கு எப்ப வரும்னு சொல்றவங்க யாருக்கும் தெரியாது" என்று அடித்தார். கருவை வெளியே வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற வழி உண்டா என்று விக்னேஷ்வரன் கேட்டான். "தேர்ந்தெடுக்க ரெண்டு விதமா இருக்கணும். உங்க ரெண்டு பேர்கிட்டேயும் ஒரே விதம்தான் இருக்கு."

விக்னேஷ்வரன் ஒற்றை விரலால் அடித்தான். "எங்க அம்மா அப்பா எங்களைப் பெத்துக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

இவாஞ்சலின் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் அழித்தார். கடைசியில் திரையில் நின்றது இது: "எத்தனைக்கு எத்தனை வாய்ப்புன்னு எண்ணிக்கையைச் சொல்லியிருப்பேன். என்ன செய்யணும்னு சொல்லியிருக்க மாட்டேன். அதுக்கு மேல சொன்னா என் வேலையை விட்டு வெளியே போயிருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கிருஷ்ணன்கோவில் தாண்டித்தான் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

"எனக்குப் பயம் போகல" என்றான் அவன். "பயத்தோட கட்டிக்கலாமா?"

"அதுவும் வரட்டும். நாம மூணு பேரா இருப்போம்" என்றாள் அவள்.

அந்தத் திங்கட்கிழமையே அவள் பரிசோதனைக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்புகள் ஐந்து. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலின்றி முடிவு மூன்றாம் நபருக்கு அனுப்பப்பட்டது தொடர்பாக. பதிலுக்கு முப்பது நாள் கெடு. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. நடந்ததற்கு வருந்துவதாகவும், இனி உரியவர் கையிலேயே முடிவைக் கொடுப்பார்கள் என்றும் இருந்தது. கூடவே, அடுத்த பரிசோதனைக்கு இருபது சதவிகிதச் சலுகைக் கூப்பன் ஒன்று. ஆவுடையப்பனின் மையம் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு வேறு கம்பெனியின் போர்டோடு திறந்தது.

கல்யாணம் ஆவணியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை ஆவுடையப்பன் ஒன்று விடாமல் செய்தார். மலைப்படி ஏறி மூச்சு வாங்க வந்து, மாலையைக் கொடுக்கும்போது மட்டும் சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார். வந்திருந்த காது கேளாத நண்பர்கள் முப்பது பேர் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையால் பேசிக்கொண்டார்கள். நாதசுரக்காரர்கள் வாசித்துக்கொண்டே அவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

கயல்விழி மறு வருஷம் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குழந்தையின் காதுக்குள் சின்னக் குழாயை வைத்துச் சோதித்த நர்ஸ், கண் கலங்க, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றாள். சத்யப்பிரியா ஒரு தாளில், "தெரியும். சாப்பிட்டீங்களா?" என்று எழுதிக் காட்டினாள்.

அதற்கப்புறம்தான் உண்மையான சண்டை. காதுக்குள் கருவி வைக்கிற அறுவை சிகிச்சையைச் சின்ன வயதிலேயே செய்தால் பேச்சு வரும், அரசுத் திட்டத்திலேயே செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். விக்னேஷ்வரன் வேண்டும் என்றான். பாப்பாவின் மண்டையைத் திறப்பதா என்றாள் சத்யப்பிரியா. எட்டு மாதம் பேசினார்கள். சில நாள் சமையல் நடக்கவில்லை. சில நாள் அவன் பட்டறையிலேயே சாப்பிட்டான். பொரியில் கடலையைத் தேடுவது மாதிரி இவளும் இணையத்தில் தேடித் தேடிப் படித்தாள். கடைசியில் அவளே சொன்னாள். "அவளுக்குக் காது வேணாம்னு நான் சொல்லல. கை வேணும். காது வந்ததும் கையைக் கட்டிப்போட்டுட்டு, பேசு பேசுன்னு யாரும் அவளைப் பிடிச்சு உலுக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு வர்ற அத்தனை பேரும் கை பேசக் கத்துக்கணும். அப்படீன்னா செய்வோம்."

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கச்சாமி வகுப்பு எடுத்தார். முனீஸ்வரி வந்தாள், கூடவே உட்கார்ந்து சுடலையம்மாளும் கற்றுக்கொண்டாள். முனீஸ்வரி தன் வாழ்நாளில் மகளிடம் கையால் கேட்ட முதல் கேள்வி, "குழம்புல உப்பு போட்டியா?" என்பது. போடவில்லை என்று அவள் சொன்னாள்.

அறுவை சிகிச்சைக்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு விருதுநகர் போனார்கள். படிவத்தில் 'குறைபாடு முதன்முதலில் கண்டறியப்பட்ட நாள்' என்று ஒரு வரி இருந்தது. சத்யப்பிரியா யோசித்து, ஜீன் டெஸ்ட் முடிவு வந்த தேதியை எழுதி, அதன் நகலை நாலாவது இணைப்பாக வைத்தாள். அங்கே இருந்த எழுத்தர் அதைக் கணினியில் ஏற்றினார். கணினி ஏற்கவில்லை. மறுபடி ஏற்றினார். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "பிறந்த தேதிக்கு முன்னால உள்ள தேதி வராதும்மா."

"வந்தது. இணைப்பு நாலு" என்று அவள் எழுதினாள்.

அவர் இணைப்பு நாலைப் படித்தார். உள்ளே எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம் காட்டினார். மேலதிகாரி வெளியே வந்து, விக்னேஷ்வரன் மடியில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த கயல்விழியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கணினியோடு வாதாட முடியாது என்பது அவளுக்கும் தெரியும்; அவளும் அப்படி ஒரு கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். தான் எழுதிய தேதியை அடித்துவிட்டு, பிறந்த நாளையே எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.

கருவியை முதன்முதலாக இயக்கிய அன்று கயல்விழி வாயைத் திறந்து அழுதாள். சுடலையம்மாளும் முனீஸ்வரியும் சந்தோஷத்தில் அழுதார்கள். ஆவுடையப்பன் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். சத்யப்பிரியாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அத்தனை வாயும் திறந்திருப்பது மட்டும் தெரிந்தது. பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, "என்ன?" என்று கையால் கேட்டாள்.

கயல்விழி அழுகையை நிறுத்தாமலே, பிஞ்சு விரல்களை மூடி மூடித் திறந்து, "பால்" என்றாள்.

அந்தக் கையைப் பார்த்த முனீஸ்வரி பிளாஸ்கைத் திறந்து பாலை ஆற்ற ஆரம்பித்தாள்.